மஞ்சள் நோட்டீஸ் வழக்கறிஞர் மீது புகார்

ஐயா, நெல் வியாபாரம் நொடித்துப்போன நிலையில் கும்பகோணம் சார்பு நீதிமன்றத்தில் மஞ்சள் நோட்டீஸ் எனப்படும் திவால் மனு போட்டுத் தந்த வழக்கறிஞர், வாய்தாக்களுக்கு வராமல் மனுவைத் தள்ளுபடியாக விட்டதோடு, பாக்கிக் கட்டணத்தைக் காட்டி வழக்கு ஆவணக் கட்டையும் தர மறுப்பதாக எழுதியிருந்தீர்கள். கட்டணத்துக்காகக் கட்டைப் பிடித்துவைக்க வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருப்பதால், உங்கள் புகாரில் வலுவான பகுதி அதுதான். அந்தக் கட்டை எழுத்தில் கேட்டு, ஒப்புகையுடன் தபால் அனுப்பிய பிறகு, தள்ளுபடி உத்தரவின் நகலையும் பணம் கொடுத்த ரசீதையும் இணைத்து, 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி வழக்கறிஞர்கள் மீதான புகார்களை விசாரிக்கும், சென்னையிலுள்ள பார் கவுன்சிலுக்கு விண்ணப்பியுங்கள். ஓராண்டுக்குள் விசாரணை முடியாவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். வழக்கறிஞரின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2024 தீர்ப்புக்குப் பின் நுகர்வோர் நீதிமன்றம் உதவாது. மனுவை மீட்கும் வேலையை வேறு வழக்கறிஞரிடம் இன்றே ஒப்படையுங்கள். புகார் முடியும்வரை கடன்காரர்கள் காத்திருக்கமாட்டார்கள்.