தண்ணீர் ஊற்றும் கைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. எனக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் முடிந்திருக்கிறது. விடியற்காலையில் பால் குடித்து முடித்ததும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதன்பின் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவளுக்கு நகம் வெட்டுவது, தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் காலைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று நாள் போய்விடுகிறது. இந்தச் சின்னச் சின்ன சந்தோஷங்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதெல்லாம் எழுதத் தகுந்த விஷயமா என்று என் தோழி கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. வேலைக்குத் திரும்பவும் மனம் வரவில்லை. மாமியார் குழந்தையின் கண்ணுக்குள் மை தீட்டச் சொல்கிறார். என் கணவர் மிகவும் நல்லவர், ஆனால் குழந்தையைத் தூக்கவே பயப்படுவார். ஒருமுறை துணி மாற்றினார், முடிச்சு நழுவிவிட்டது. நானே வாங்கி மறுபடி கட்டினேன். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். இதையெல்லாம் உங்களுக்கு எழுதுவதற்கு மன்னியுங்கள்.

பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதம் வந்ததற்கு முந்தைய வாரம்தான், உறவுக்காரப் பெண் ஒருத்தியைப் பார்க்க ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பிரசவ வார்டுக்குக் கீழே படிக்கட்டில் இளம் தகப்பன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் ஃபிளாஸ்க், ஒருவர் கையில் மருந்துச் சீட்டு, ஒருவர் மடியில் பிளாஸ்டிக் வாளி. குழந்தை மட்டும் எவர் கையிலும் இல்லை. வீடு திரும்பிய பிறகும் அந்தப் படிக்கட்டு என் கண்ணை விட்டு அகலவில்லை.

உங்கள் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கண்ணுக்குள் மை வேண்டாம். மாமியாரின் மனம் நோகாமல் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலையைப் பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த 26 வார ஊதிய விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு இன்றும் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் சட்டம் சொல்கிறது. இதை உங்கள் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். எழுதத் தகுந்த விஷயமா என்ற சந்தேகத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் தூளிக்கு வெளியே தெரியும் அந்த ஒற்றைக் காலை எழுதியபோதே நீங்கள் பதிலையும் எழுதிவிட்டீர்கள். ‘சின்னச் சின்ன’ என்ற சொல்லை மட்டும் நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்பதையும் நிறுத்துங்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். ‘வீட்டில் எல்லோரும் சிரித்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அந்த இடத்தில்.

1971-இல் என் தம்பி பிறந்தான். அப்போது இராயபுரம் பனைமரத்தொட்டியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். குழந்தைக்குத் தண்ணீர் ஊற்ற எங்கள் ஆயா, அதாவது பாட்டி, வந்திருந்தார். இருபது நாளுக்குள் அவருக்கே மூட்டு வீங்கிக் கீழே உட்கார முடியாமல் போனது. அம்மாவுக்கோ காய்ச்சல். என் நைனா துறைமுகத்தில் மூட்டை இறக்கும் தொழிலாளி. இரவு ஷிப்டு முடித்து வந்தவர் யாரிடமும் எதுவும் கேட்காமல் அண்டாவில் வெந்நீர் வைத்தார். சீயக்காய் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். பிறகு முற்றத்தில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டி, நடுவிலிருந்த பள்ளத்தில் தம்பியைக் கிடத்தினார். மூட்டை தூக்கித் தூக்கி அவருடைய உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. குழந்தையின் தோலில் அது கீறிவிடும் என்று புறங்கையால்தான் எண்ணெய் தேய்த்தார். அதை நான் இரண்டடி தூரத்தில் குந்தியிருந்து பார்த்தேன்.

தண்ணீரின் சூட்டை முழங்கையில் விட்டுப் பார்ப்பார். தலைக்கு ஊற்றும்போது கண்ணில் இறங்காமல் இருக்க இடது கையை நெற்றியில் வரப்புப் போல வைத்துக்கொள்வார். அவருக்குத் தாலாட்டுத் தெரியாது. மூட்டைகளை எண்ணுவதைப் போல ஒவ்வொரு சொம்புக்கும் ‘லாபம், ரெண்டு, மூணு’ என்று எண்ணிக்கொண்டே ஊற்றுவார். சில வாரங்களில் தம்பி அந்த ‘லாபம்’ என்ற சொல்லைக் கேட்டதுமே காலை உதைக்கத் தொடங்கினான். அந்த நேரத்தில் நைனாவின் முகம் இருந்ததைப் போல வேறெப்போதும் நான் பார்த்ததில்லை. சம்பள நாளிலும் அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

தெருவில் சிரித்தார்கள். ஆம்பிளை ஒருத்தன் பிள்ளைக்குத் தண்ணி ஊத்துகிறான் என்று குழாயடியில் பேசினார்கள். எங்கள் ஆயா மட்டும் திண்ணையில் இருந்தபடி, கழுத்தைத் தாங்கு, காதுக்குள் தண்ணீர் போகாமல் பார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். நைனாவின் கையிலிருந்து குழந்தையை அவர் ஒருமுறைகூடப் பிடுங்கவில்லை.

நீங்கள் பிடுங்கினீர்கள். முடிச்சு நழுவினால் என்ன? துணி நனையும், பாய் நனையும். அடுத்த முறை அவர் இறுக்கிக் கட்டியிருப்பார். முதல் நாள் உங்களுக்கு மட்டும் முடிச்சு நின்றதா? உங்களுக்கு நழுவியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. தாய் பழகிக்கொள்வாள் என்று விட்டுவிட்டார்கள். உங்களுக்குக் கிடைத்த அந்தப் பொறுமை அவருக்குக் கிடைக்கவில்லை. குழந்தையைத் தூக்கப் பயப்படுகிறார் என்று எழுதுகிறீர்கள். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கும் எவருக்கும் அந்தப் பயம் உண்டு. தூக்கத் தூக்கத்தான் அது போகும், தூக்க விடாதவருக்கு அது எப்படிப் போகும்?

பால் கொடுப்பது உங்களால் மட்டுமே ஆகும். முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பச்சைக் குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் கேட்கும். அத்தனை முறை கொடுக்கும் உடம்பு குளிப்பாட்டலையும் துணி மாற்றுவதையும் ஏப்பம் வரத் தோளில் போட்டுத் தட்டுவதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்று எந்த இயற்கை விதித்தது? பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் ஏறக்குறைய அந்தத் தூரம்தான். தகப்பன் நெஞ்சோடு அணைத்தால் அவன் முகமும் அதே தூரத்தில்தான் வரும். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையைத் தொடங்கினார்கள். நம் அரசு மருத்துவமனைகளிலும் இன்று அது நடக்கிறது. தாயால் முடியாத நேரத்தில் தகப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு அணைத்துக்கொண்டாலும் குழந்தைக்குச் சூடு கிடைக்கும்.

சட்டமும் இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. உங்கள் 26 வாரத்தைத் தந்த சட்டத்தில் தகப்பனுக்கு ஒரு நாள்கூட இல்லை. அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். பிள்ளையைக் கையில் வாங்காமலே மறுநாள் வேலைக்குப் போயிருப்பார்கள். அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

உங்கள் வீட்டில் மகிழ்ச்சி நிறைய இருக்கிறது, அம்மா. விடியற்காலைச் சிரிப்பைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன். அதே சிரிப்பு அடுத்த அறையில் படுத்திருப்பவருக்கும் உரியதுதான். அவர் கேட்கவில்லை என்பதற்காக அதை நீங்களே வைத்துக்கொள்வது நியாயமில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவரைக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லிக்கொடுக்கட்டும், கையால் வேண்டாம். நீங்கள் தெருமுனைக் கடை வரை போய்விட்டு வாருங்கள். குழந்தை அழுவது கேட்டாலும் ஓடி வராதீர்கள், குளிக்கும்போது எல்லாக் குழந்தையும் அழும். போகும் முன் வெந்நீரை நீங்களே விளாவி வைத்துவிடவும் கூடாது; முழங்கையில் விட்டுப் பார்த்து அவரே விளாவட்டும்.

அன்புடன்.