படுக்கையில் ஒன்பதரை மணி நேரம், தூக்கம் ஐந்தரை

கேள்வி: வயது 46. எட்டு மாதமாகச் சரியான தூக்கமில்லை. இரவு 9.30-க்குப் படுத்தால் கண் மூட 12 ஆகிறது. 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். மறுபடி தூக்கம் பிடிக்க 4.30 ஆகும். 7 மணிக்கு எழுகிறேன். பகல் முழுக்க அசதி. இரண்டு மாதமாகத் தினமும் தூக்க மாத்திரை போடுகிறேன். இதை விட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, பகல் பொழுதையும் பாதித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. உங்களுடையது அந்த வகைதான். முதலில் தூக்கத்தைக் கெடுத்தது வேலைக் கவலையாகவோ உடம்பு வலியாகவோ இருந்திருக்கலாம். அது தீர்ந்த பிறகும் தூக்கமின்மை தொடர்வதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: விட்ட தூக்கத்தைப் பிடிக்க நாம் செய்யும் முயற்சிகள்தான். சீக்கிரம் படுப்பது, எழத் தாமதிப்பது, பகலில் கண்ணயர்வது எல்லாம் இதில் சேர்த்தி.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. பசி ஏறுவதுபோலத் தூக்க அழுத்தம் ஏறுவது இதனால்தான். அழுத்தம் போதுமான அளவு ஏறும் முன்பே 9.30-க்குப் படுக்கிறீர்கள். இரண்டரை மணி நேரம் புரள்கிறீர்கள். மாதக்கணக்கில் இப்படிப் போனால் படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிக்கொள்ளும். நாற்காலியில் கண் சொருகுகிறவருக்குக் கட்டிலில் படுத்ததும் தூக்கம் கலைந்துபோவது இந்தப் பழக்கத்தால்தான்.

ஆகவே முதல் சிகிச்சை மாத்திரையல்ல, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. பெயர்தான் பெரிது, அதன் முதுகெலும்பு ஒரு எளிய கணக்கு.

இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், சுமாராக எவ்வளவு தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று காலையில் நினைவிலிருந்து எழுதினால் போதும். இரவில் கடிகாரம் பார்க்கக் கூடாது. உங்கள் கணக்குப்படி படுக்கையில் 9.5 மணி நேரம், தூக்கம் 5.5. அதாவது 58 சதவீதம். இது 85-ஐத் தாண்ட வேண்டும்.

அதற்குத் தூக்கத்தை நீட்ட முயலாமல், படுக்கை நேரத்தைக் குறுக்க வேண்டும். எழும் நேரம் காலை 6 என்று வைத்துக்கொண்டால், படுக்கும் நேரம் நள்ளிரவு 12.30. அதற்கு முன் கட்டிலுக்குப் போகக் கூடாது. எவ்வளவு மோசமான இரவாக இருந்தாலும், விடுமுறை நாளிலும் 6 மணிக்கு எழ வேண்டும். வாரம் ஒருமுறை சராசரி பாருங்கள். 85 சதவீதத்துக்கு மேலிருந்தால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம்; 80-க்கும் 85-க்கும் இடையில் இருந்தால் மாற்ற வேண்டாம்; 80-க்குக் கீழே போனால் படுக்கை நேரத்தில் 15 நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் ஒருபோதும் இறங்காதீர்கள்.

படுத்துச் சுமார் 20 நிமிடத்தில் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத ஏதாவது வேலை செய்யுங்கள். கண் சொருகும்போது திரும்புங்கள். அசதி வேறு, தூக்கம் வருவது வேறு, அசதிக்காகப் படுக்காதீர்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: எழுந்ததும் கைபேசியைத் திறப்பார்கள், அல்லது சோபாவிலேயே தூங்கிவிடுவார்கள்.

முதல் இரண்டு வாரம் பகல் தூக்கக் கலக்கம் இன்னும் கூடும். சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்கான அறிகுறியாகவே அதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த நாட்களில் வண்டி ஓட்டுவதையும் ஆபத்தான இயந்திர வேலையையும் தவிருங்கள். வலிப்பு நோய், இருமுனை மனநோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையின்றி இந்த முறையைத் தொடவே கூடாது. முன்னேற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம்.

காபியின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும்; மதியத்தோடு நிறுத்துங்கள். மது சீக்கிரம் தூங்க வைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும். மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். தலையணை, திரைச்சீலை மாற்றுவதெல்லாம் நல்லதுதான். அவற்றால் மட்டும் நாள்பட்ட தூக்கமின்மை தீராது.

இனி மாத்திரை. பென்சோடயசெபின் வகையும் சோல்பிடெம் போன்றவையும் சில நாள் நெருக்கடிக்கு உதவும். நாள்படும்போது பழைய அளவு போதாமல் போகும், ஞாபகம் மங்கும், வயதானவர்கள் இரவில் தடுக்கி விழுவார்கள். திடீரென நிறுத்தினால் முன்பைவிட மோசமான இரவுகள் வரும். சிலருக்கு வலிப்புகூட வரலாம். 'மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது' என்று பலர் முடிவுகட்டுவது, நிறுத்தியதால் வரும் இந்த எதிர்வினையைப் பார்த்துத்தான். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசி, வாரக்கணக்கில் படிப்படியாக அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். சளி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுவது தீர்வல்ல. மறுநாள் மந்தம்தான் மிஞ்சும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் வீட்டில் உள்ளவரிடம் ஒன்று கேளுங்கள்: உரத்துக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நிற்கிறதா? ஆம் என்றால் அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். முதலில் அதற்குத்தான் பரிசோதனை வேண்டும். படுத்ததும் கால்களை அசைத்தே தீர வேண்டும் போலிருந்தால் இரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் புரதம்) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். எதிலும் பிடிப்பில்லாமல், வாழவே வேண்டாம் என்ற எண்ணமும் வந்தால் தூக்கக் குறிப்புக்காக இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். இன்றே மருத்துவரைப் பாருங்கள்.