அக்கா மகனுக்கும் காட்டாத நோட்டு

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 24 வருடமாக டெக்னீஷியன். சிப்பில் கம்பி ஒட்டும் இயந்திரங்கள் என் பொறுப்பு. போன வருடம் ஒரு ஜெர்மன் கம்பெனி எங்களை வாங்கியது. தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொல்லிப் படிவம் அனுப்புகிறார்கள். அடுத்த மாதம் அவர்களுடைய ஆட்களும் வருகிறார்கள். எந்த இயந்திரம் எப்போது முரண்டு பிடிக்கும், என்ன செய்தால் சரியாகும் என்று ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பூட்டி வைத்திருக்கிறேன். அதே லைனில் ஆறு வருடமாக இருக்கும் என் அக்கா மகனுக்குக்கூடக் காட்டியதில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்களா?
- பட்டர்வொர்த் வாசகர்

பதில்: தம்பி, அனுப்பினாலும் அனுப்புவார்கள். ஒரே வேலைக்கு இரண்டு ஊரில் ஆள் இருந்தால் வாங்கியவன் கணக்குப் பார்க்கத்தான் செய்வான். பாயான் லெப்பாஸுக்கு இது புதிதும் இல்லை. 1972-இல் அமெரிக்காவின் எச்பி கம்பெனி அங்கே கடை விரித்தது. அதன் சிப் பிரிவு 1999-இல் அஜிலென்டுக்குப் போய், 2005-இல் அவாகோ ஆகி, 2016-இல் பிராட்காம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இப்படிக் கைமாறும் ஒவ்வொரு முறையும் உங்களைப் போல யாராவது எனக்கு எழுதுகிறார்கள்.

ஜெர்மன்காரர்களை விடுங்கள். போகிற போக்கில் அக்கா மகனைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். அவன் வந்து ஆறு வருடம். ஜெர்மன்காரன் வந்ததோ போன வருடம். அதற்கு முந்தைய ஐந்து வருடம் யாருக்குப் பயந்து அந்த நோட்டைப் பூட்டினீர்கள்?

நீங்கள் தாய்மாமன். காது குத்தும்போது அவனை மடியில் வைத்துக்கொண்டது நீங்களாகத்தான் இருக்கும். சீரிலும் குறை வைத்திருக்க மாட்டீர்கள். சோறு போடும் வித்தையை மட்டும் மறைத்துவிட்டீர்கள். இரவு ஷிப்டில் இயந்திரம் நின்று அவன் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியபோது, போனில் ஒரு வார்த்தை சொன்னீர்களா? இல்லை, காலையில் வந்து நீங்களே சரிசெய்து நல்ல பெயர் வாங்கினீர்களா? பதிலை எனக்கு எழுத வேண்டாம், உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளைக்குத் தொழில் சொல்லித் தராத தாய்மாமன், மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காரும் விருந்தாளிதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அப்புறம், அந்த நோட்டு உங்கள் சொத்தா என்ன? கம்பெனி நேரத்தில், கம்பெனி இயந்திரத்தில் கண்ட அழுத்தமும் சூடும்தானே அதில் இருக்கிறது? உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ரகசியம் காப்பது பற்றி ஒரு விதி பெரும்பாலும் இருக்கும். அப்படி இருந்தால், உங்களை அனுப்ப அவர்களுக்கு வேறு காரணமே தேவையில்லை. நாளைக்கே அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோங்கள்.

படிவத்தில் எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. 1980களில் ஜப்பானின் மட்சுஷிடா கம்பெனி (இன்றைய பானாசோனிக்) வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் செய்யப் பார்த்தபோது, மாவு சரியாகப் பிசையவே வரவில்லை. கடைசியில் மென்பொருள் பிரிவிலிருந்த ஒரு பெண், ஒசாகாவில் ஒரு ஓட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய் வேலை பழகினார். அந்த மனிதர் மாவை இழுக்கும்போதே கூடவே முறுக்கவும் செய்கிறார் என்பது பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் தெரிந்தது. மைக்ராஸ்கோப்பில் கம்பி முனையின் பந்து கோணலாகத் தெரிந்ததுமே கேப்பிலரி, அதாவது கம்பி நுழைந்து வரும் முனைக்குழாய், தேய்ந்துவிட்டது என்று உங்கள் கைக்குத் தெரிகிறதே, அதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

ஆகவே மேலாளரிடம் பேசுங்கள். படிவம் தருகிறேன், ஆனால் வருகிறவர்கள் இரண்டு வாரமாவது என் ஷிப்டில் என் பக்கத்தில் நிற்க வேண்டும், பயிற்சி தருபவர் என்று என் பெயர் எழுத்தில் வர வேண்டும் என்று கேளுங்கள். கொடுப்பது ஒரு பக்கமாகவே போகக் கூடாது. அவர்களுடைய ஆலையில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று இங்கிருந்தும் ஒருவர் போய்ப் பார்த்துவர வேண்டும்.

வேலை போனால் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன்காரர்கள் வாங்கியது பங்குகளை என்றால் சட்டப்படி உங்கள் முதலாளி மாறவில்லை. 24 வருடச் சேவை அப்படியே தொடரும். தொழிலையே கைமாற்றியிருந்தால், பழையதைவிடக் குறையாத நிபந்தனையில் வேலையைத் தொடரலாம் என்று புதியவர் 7 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் வேலைநீக்கப் பணம் உண்டு. மலேசியாவின் 1980-ஆம் ஆண்டு வேலைநீக்கப் பண விதிகளின்படி, ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை பார்த்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டினால் இந்த விதி உங்களுக்கு உதவாமல் போகலாம். அப்படியானால் ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான்.

ஜெர்மனிக்கு ஆள் அனுப்ப ஒத்துக்கொண்டால் உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள். அக்கா மகன் பெயரைக் கொடுங்கள். போகும் முன் நோட்டை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.