வாசகர் கேள்விகள்: ஜெயித்த வருடமும் தோற்ற வருடமும்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். 2024-ல் அவர்களுடைய ஃபுட்பால் அணி 12 ஆட்டங்களில் இரண்டில்தான் ஜெயித்ததாம். அதற்கு முந்தைய வருடம் கொடிகட்டிப் பறந்த அணி என்கிறான். ஒரே வருடத்தில் இப்படியா விழும், ஐயா? (ஒரு தாய், திருச்சி)

விழுந்ததே, அம்மா. (அங்கே ஃபுட்பால் என்றால் நம்மூர்க் கால்பந்து இல்லை; பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடுவது.) 2023-ல் தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்ற அணி அது. ஆனால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் முறிந்துவிட்டது. அவர் இல்லாத அணி பழைய அணி இல்லை என்று சொல்லி, தேசியப் பட்டத்துக்கு மோதும் நான்கு அணிகளில் இடம் தராமல் விட்டது அணிகளைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மைதானத்தில் ஜெயித்தவனைக் கமிட்டி அறையில் தோற்கடித்தார்கள். அதன்பின் பருவ முடிவில் நடந்த ஆரஞ்சு பௌல் என்ற ஆட்டத்துக்கு முக்கியமான பலர் இறங்கவே இல்லை. ஜார்ஜியா 63-3 என்று நொறுக்கியது.

ஆனால் 2024-க்கான விதை அதற்கும் முன்பே போட்டதுதான். ஜாரெட் வெர்ஸ் ஆல்பனியிலிருந்து வந்தவர், கியான் கோல்மன் மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்து. இப்படி வேறு கல்லூரிகளில் ஆடிப் பழகி மாற்றலாகி வந்தவர்கள்தான் அந்த அணியின் தூண்கள். ஒன்றிரண்டு வருடம் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுக்கும் ‘டிராஃப்ட்’டில், 2024-ல் மட்டும் 10 பேர் போய்விட்டார்கள். பின்னால் நின்ற பையன்கள் தயாராகவில்லை. பந்து எறிய மறுபடியும் வெளியிலிருந்தே ஒருவரைக் கொண்டுவந்தார்கள். டப்ளினில் நடந்த முதல் ஆட்டத்தில் ஜார்ஜியா டெக்கிடம் கடைசி உதையில் 24-21 தோல்வி. நவம்பரில் நோட்டர் டேமிடம் 52-3. உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: அந்தப் பையன்கள் சோம்பேறிகள் இல்லை.

கேள்வி: இதைவிட அதிகமாகத் தோற்ற கல்லூரி அணி உண்டா? (மதுரை வாசகர்)

உண்டு. டெக்சஸில் இருக்கும் பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம். 1989 முதல் 1998 வரை தொடர்ச்சியாக 80 ஆட்டங்கள் தோற்றது. அமெரிக்க டி.வி.யில் அதை வைத்து நிறையச் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு அந்தக் கல்லூரியின் கதை தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

1876-ல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய கல்லூரி அது. பில்லி நிக்ஸ் பயிற்சியாளராக இருந்த காலத்தில், 1953-க்கும் 1964-க்கும் இடையே ஐந்து முறை கறுப்பினக் கல்லூரிகளின் தேசியப் பட்டம் வாங்கியது. தொழில்முறை அணிகளின் இறுதியாட்டமான சூப்பர் பௌலில், 1970-ல் டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) அடித்த ஓட்டிஸ் டெய்லர் அங்கே படித்தவர். தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற கென் ஹூஸ்டனும் அங்கே படித்தவர்தான். அன்றைக்குத் தெற்கத்தி வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் இவர்களைச் சேர்க்காது. பிற்பாடு அவை கதவைத் திறந்ததும், திறமையான பையன்களெல்லாம் பணமும் பெரிய மைதானமும் இருந்த இடத்துக்குப் போனார்கள். போனதில் தப்பே இல்லை. ஆனால் பிரெய்ரி வியூ காய்ந்துபோனது. காசில்லாமல் 1990-ல் அணியே இறங்கவில்லை. திரும்ப ஆட வந்தபோது விளையாட்டு உதவித்தொகை கிடையாது. எதிரணியில் உதவித்தொகை வாங்கி, அதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்கள். இந்தப் பக்கம் வகுப்பு முடிந்து வந்து நின்ற மாணவர்கள். எப்படி ஜெயிப்பார்கள்?

நான் ஹூஸ்டனில் வேலை பார்த்தபோது அவர்கள் ஆட்டத்துக்குப் போயிருக்கிறேன். அவர்களுடைய ‘மார்ச்சிங் ஸ்டார்ம்’ பாண்டு வாத்தியக் குழு இடைவேளையில் இறங்கினால் தீனி வாங்கக்கூட யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகுதான் கடைப் பக்கம் கூட்டம் சேரும். அணி தோற்றுக்கொண்டே இருந்த வருடங்களிலும் ஊர்ச் சனம் வந்துகொண்டிருந்ததற்கு அந்தக் குழுவும் ஒரு காரணம் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

கடைசியில் 1998 செப்டம்பர் 26 அன்று லாங்ஸ்டன் அணியை 14-12 என்று வென்று அந்தத் தோல்வி வரிசையை முடித்தார்கள். 2009-ல் தங்கள் லீக் பட்டத்தையும் வாங்கினார்கள், 1964-க்குப் பிறகு முதல் தடவையாக.

கேள்வி: ஃப்ளோரிடா ஸ்டேட் பயிற்சியாளரை ஏன் நீக்கவில்லை? (திருச்சித் தாயின் இரண்டாவது கேள்வி)

நீக்கினால் கொடுக்க வேண்டிய தொகை அப்படி. 2024 ஜனவரியில், அலபாமாவில் தலைமைப் பயிற்சியாளர் பதவி காலியானதும், தங்கள் பயிற்சியாளர் மைக் நோர்வெல் அங்கே போய்விடக் கூடாதென்று 2031 வரைக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். ஆண்டுக்குச் சராசரி 1 கோடி டாலருக்கு மேல். அதனால் நோட்டர் டேம் தோல்விக்கு மறுநாள் வேலை போனது உதவிப் பயிற்சியாளர்களுக்கு. அப்புறம் நோர்வெல் தன் சம்பளத்தில் 45 லட்சம் டாலரை விட்டுக்கொடுத்தார், அதைப் பாராட்டத்தான் வேண்டும். 2025-ஐ அதே அலபாமாவை 31-17 என்று வென்று தொடங்கினார்கள். முடிவில் 5 வெற்றி, 7 தோல்வி. என்னைக் கேட்டால், அவரை நிறுத்திக் கேட்பதற்கு முன் ஒரே நல்ல வருடத்தைப் பார்த்து எட்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்ட நிர்வாகத்தைக் கேட்பேன்.