மோட்சம் என்ற ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஐயா,

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவோடு 20 ஆண்டுகள் ஒரே நாட்டுப்படகில் தொழிலுக்குப் போன கத்தோலிக்க நண்பர் சென்ற மாதம் காலமானார். அடக்கம் முடிந்து திரும்பும்போது அப்பா, "அவன் மோட்சம் போய்விட்டான், நாமும் அங்கேதான் போகப்போகிறோம்" என்றார். உடன் வந்த கீழக்கரை முஸ்லிம் பெரியவர், "இல்லண்ணே, எங்க சொர்க்கம் வேற" என்றார். அப்பாவுக்கு அது பெரிய வருத்தம். ஏர்வாடி தர்காவுக்கும் ஓரியூருக்கும் எல்லோரும் போகிற ஊர்தானே இது? எல்லாச் சொர்க்கமும் ஒன்றுதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியவர் சொன்னதில் பகை எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். தன் நம்பிக்கையை மெய்யென்று கொண்ட ஒருவர், நண்பரிடம் அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

ஏர்வாடிக்கும், கத்தோலிக்கப் புனிதர் அருளானந்தர் 1693இல் தலை வெட்டப்பட்ட ஓரியூருக்கும் எல்லோரும் போவது உண்மைதான். ஆனால் நோய் தீரவும் பிள்ளை வரம் கேட்கவும் போகிறோம். அவை இந்த வாழ்வுக்கான வேண்டுதல்கள். செத்தபின் எங்கே போவோம் என்ற கேள்வியை அங்கே யாரும் மாற்றிக்கொண்டு திரும்புவதில்லை.

அப்பா சொன்ன 'மோட்சம்' என்ற சொல்லையே பாருங்கள். தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் அதற்குக் கடவுளை முகமுகமாகக் காண்பது என்று பொருள். அங்கே போனவர் அவராகவே இருப்பார், இன்னும் தூய்மையாக வேண்டியவர் அதற்குமுன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பார், அவருக்காக உயிரோடிருப்பவர்கள் மன்றாடலாம். சைவர் வாயில் அதே சொல் பிறவியிலிருந்து விடுபடும் வீடுபேற்றைக் குறிக்கும். சொர்க்கமோ புண்ணியம் தீரும்வரை தங்கிவிட்டு மறுபடி பிறக்கத் திரும்புகிற இடம்தான். கீழக்கரைப் பெரியவருக்கு, இறந்தவர் கபுர் என்னும் மண்ணறையில் காத்திருந்து, கியாமத் என்னும் இறுதித் தீர்ப்பு நாளில் எழுப்பப்பட்டு, கணக்குக் கேட்கப்பட்ட பிறகே, நீரும் பாலும் தேனும் ஆறுகளாக ஓடும் சொர்க்கம். நீரில் மூழ்கி இறந்தவரும் ஷஹீத், அதாவது இறைவழியில் உயிர் தந்த தியாகி, என்று நபிமொழி உண்டு. கடலுக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் அந்த ஒரு வாக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நீங்களே அறிவீர்கள்.

எங்கள் அப்பத்தாவின் தம்பி 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட இரவில் போனவர். உடல் கிடைக்கவில்லை. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அப்பத்தா என் அப்பாவை ராமேஸ்வரம் கடற்கரையின் அக்கினி தீர்த்தத்தில் இடுப்பளவு நீரில் நிறுத்தி, எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்வார். கரைத்த பிண்டத்தைக் கொத்தச் சிறு மீன்கள் கூடியதும், "வந்துட்டான்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். தம்பி இன்னும் வழியில் இருக்கிறான், அவனுக்குத் தாகம் எடுக்கும் என்று அவர் நம்பினார். அதே இரவில் கணவரை இழந்த பக்கத்து வீட்டு கிறிஸ்தவப் பாட்டி, தண்ணீர் இறைத்ததே இல்லை. கல்லறைத் திருநாளில், கல்லறை இல்லாத அவருக்காகக் கோயில் தோட்டத்துச் சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார். இருவரும் சேர்ந்து அழுதிருக்கிறார்கள். ஆனால் 'எல்லாம் ஒன்றுதான்' என்று அவர்களிடம் யாரேனும் சொல்லியிருந்தால், அந்தத் தண்ணீருக்கும் அந்தச் சுடருக்கும் வேலை இல்லை என்று சொன்னதாகவே இருவருக்கும் பட்டிருக்கும். இறந்தவர் எங்கே இருக்கிறார் என்று நாம் நம்புகிறோமோ, அதைப் பொறுத்துத்தான் அவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமையும் அமைகிறது. அதனால்தான் இந்த வேறுபாட்டைக் கரைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

வருகிற நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளில், அப்பாவை அந்த நண்பரின் கல்லறைக்கு அழைத்துச் செல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று நண்பரின் மனைவியிடம் கேட்டுச் செய்யுங்கள். கீழக்கரைப் பெரியவரும் வந்தால், அவர் தம் வழக்கப்படி அமைதியாக நிற்கட்டும். அப்போது வாடைக்காற்று தொடங்கியிருக்கும், மெழுகுவர்த்தி நிற்காது; மணலில் சிறு குழி பறித்து அதற்குள் ஊன்றச் சொல்லுங்கள்.

அன்புடன்