மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன் முடுக்கமும் சுழிதானா?

இல்லை. உச்சியில் சுழியாவது திசைவேகம் (எந்தத் திசையில் எவ்வளவு வேகம் என்பது) மட்டும்தான். முடுக்கம், அதாவது திசைவேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது, அங்கேயும் அதே 9.8 மீ/வி², கீழ்நோக்கி. பிளஸ் ஒன்னில் பலர் மார்க்கை விடுவது இந்த இடத்தில்தான்.

கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். பந்தை நொடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறீர்கள், காற்றுத் தடையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வேகம் நொடிக்கு 9.8 குறைந்துகொண்டே வரும், ஆக 2 நொடியில் உச்சி, உயரம் 19.6 மீட்டர். இப்போது உச்சியை ஒட்டிய நேரத்தை மட்டும் உற்றுப் பாருங்கள்: 0.1 நொடி முன்னால் பந்து 0.98 மீ/வி வேகத்தில் மேலே போகிறது, 0.1 நொடி கழித்து அதே 0.98 வேகத்தில் கீழே வருகிறது. மேல்நோக்கிய திசையை நேர்க்குறி என்று வைத்தால் +0.98 என்பது −0.98 ஆகியிருக்கிறது, மாற்றம் −1.96, அதற்கு ஆன நேரம் 0.2 நொடி, வகுத்தால் −9.8. நடுவில் எங்கேயும் அது ஓய்வெடுக்கவில்லை.

சரி, ஒரு பேச்சுக்கு அந்தக் கணத்திலிருந்து முடுக்கமும் சுழியாகிவிட்டது என்று வையுங்கள். திசைவேகம் மாற வழியே இல்லை, பந்து அந்தரத்தில் அப்படியே தொங்க வேண்டியதுதான்!

திசைவேகம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி, அது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது வேறு கேள்வி. நேர்ச்சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சீராக ஓடும் காருக்கு முடுக்கம் சுழி. அதே வேகத்தில் வளைவில் திரும்பினால் முடுக்கம் உண்டு, திசை மாறுகிறதே.

நிலாவில் எறிந்தாலும் இதே கதைதான், 9.8-க்குப் பதில் சுமார் 1.6 போட்டுக்கொள்ளுங்கள், பந்து ஏறக்குறைய ஆறு மடங்கு உயரம் போகும்.