அலாஸ்கா கப்பல் பயணம்: பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது

மே முதல் செப்டம்பர் வரை அமெரிக்காவின் சியாட்டில், கனடாவின் வான்கூவர் துறைமுகங்களிலிருந்து அலாஸ்காவுக்குக் கப்பல்கள் போகின்றன. கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே ஆகிய ஊர்கள், பனிப்பாறைகள் இருக்கும் கிளேசியர் பே வளைகுடா என்று ஏழு நாள் பயணம். இந்தப் பயணத்துக்குப் பெட்டி கட்டுவது பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பல குளிரைப் பற்றியே. அங்கே கோடையில் நம்மை வாட்டுவது உறைபனி இல்லை, மழையும் காற்றும். அதை மனதில் வைத்துக்கொண்டால் பெட்டி பாதி கனம் குறைந்துவிடும்.

ஜூலையில் போகிறோம். பனிப்பாறைகளைப் பார்ப்பதால் மைனஸ் டிகிரி தாங்கும் தடித்த கோட் வாங்கலாமா?

வேண்டாம். ஜூலையில் ஜூனோவில் பகலில் 17, 18 டிகிரி இருக்கும். இரவில் 10 டிகிரி அளவுக்கு இறங்கும். மே, செப்டம்பர் மாதங்களில் பகலிலேயே 13, 14 டிகிரிதான். ஊட்டிக் குளிர் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் மழை? சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. கெச்சிகனில் சுமார் 3,800. சில நாட்களில் நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். இறகு அடைத்த கோட் நனைந்தால் கட்டி கட்டியாகிச் சூட்டைப் பிடித்து வைக்கும் குணத்தை இழந்துவிடும். அப்புறம் அது வெறும் சுமை.

மூன்று அடுக்காகப் போடுங்கள். உடம்போடு ஒட்டினாற்போல் ஒரு தெர்மல் (சூட்டைக் காக்கும் உள்ளாடை), அதன்மேல் ஃப்ளீஸ் (மென்மையான சிந்தெடிக் துணி) அல்லது கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே தலைமூடியோடு கூடிய, தண்ணீர் புகாத ஜெர்கின். பணம் செலவழிப்பதென்றால் இந்த மேலடுக்குக்குச் செலவழியுங்கள். வாங்கும்போது உள்பக்கம் திருப்பி, தையல்கள்மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் தையல் வழியாகவே தண்ணீர் இறங்கும். உள்ளே ஸ்வெட்டர் போட்டுப் பார்த்து அளவு எடுங்கள். கீழே அணிய, லேசான மழைக்கால பேன்ட் ஒன்று போதும்.

மூன்று அடுக்கும் ஒன்றாகத் தேவைப்படும் நாள் கிளேசியர் பே. மார்ஜரி பனிப்பாறைக்கு முன்னால் கப்பல் நெடுநேரம் நிற்கும். பனிமேல் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி நேராக முகத்தில் அடிக்கும். பனிச்சுவர் உடைந்து கடலில் விழுவதைப் பார்க்க வேண்டுமானால் டெக்கில் பொறுமையாகக் காத்து நிற்கத்தான் வேண்டும். குல்லா, கழுத்துக்கு மஃப்ளர், கிளவுஸ் மூன்றும் வேண்டும். போனைத் தொட்டுப் படமெடுக்க வசதியான கிளவுஸாக இருக்கட்டும். குளிரில் கிளவுஸைக் கழற்றிக் கழற்றிப் போடுபவர்கள் சீக்கிரமே கேபினுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

ஜீன்ஸும் காட்டன் டி-ஷர்ட்டும் போதாதா?

கப்பலுக்குள் தாராளமாகப் போதும். வெளியே வேண்டாம். பருத்தி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காய நேரமெடுக்கும், அதுவரை உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈர ஜீன்ஸோடு காட்டுப் பாதையில் இரண்டு மணி நேரம் நடப்பது வேதனை. சாக்ஸும் அப்படித்தான்: கம்பளி கலந்தது வாங்குங்கள்.

அம்மாவுக்கு 70 வயது. புடவை தவிர வேறு எதுவும் உடுத்த மாட்டார். என்ன செய்வது?

அவரை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். பாவாடைக்கு உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், ரவிக்கைக்கு உள்ளே மெல்லிய முழுக்கைத் தெர்மல். புடவையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டட்டும். பருத்திப் புடவை வேண்டாம், சீக்கிரம் காயும் சிந்தெடிக் புடவையே நல்லது. முந்தானையை நன்றாகச் செருகிக்கொண்டு, மேலே முழங்கால்வரை வரும் மழைக்கோட்டு. செருப்பு மட்டும் கூடவே கூடாது. துறைமுகத்துக்கு இறங்கும் சாய்தளமும் மரப்பலகை நடைபாதைகளும் மழையில் வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ வாங்கி, ஊரில் இருக்கும்போதே தினமும் போட்டு நடந்து பழகச் சொல்லுங்கள். பட்டுப் புடவை ஒன்றையும் வையுங்கள். கப்பலில் அலங்காரமாக உடுத்திக்கொண்டு சாப்பிடப் போகும் மாலைகள் உண்டு. அன்று அவர் அதைக் கட்டிக்கொண்டு வரட்டும்.

குடை?

வேண்டாம். காற்றில் நிற்காது.

சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிறோம். இந்தியப் பாஸ்போர்ட். கனடா விசா எதற்கு?

பெட்டி கட்டும் முன் சரிபார்க்க வேண்டியது இதுதான். 1886-இல் வந்த ஒரு அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் பதிவாகி அந்நாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆள் ஏற்றி மீண்டும் அங்கேயே இறக்க வேண்டுமானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். பெரிய சொகுசுக் கப்பல்களில் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். அதனால் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிறுத்துவார்கள். கனடா விசா எடுத்துவிடுங்கள். திரும்ப அமெரிக்காவுக்குள் நுழைவதால், அமெரிக்க விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். ஸ்காக்வேயில் மலை ரயில் ஏறுபவர்கள், அது எல்லை தாண்டிக் கனடாவுக்குள் போகும் பயணமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பாஸ்போர்ட்டைக் கேபினில் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டு போகலாமா?

குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் எதற்கும் அனுமதி இல்லை. தீ அபாயம் என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். பாக்கெட் பிரிக்காத பொடி, முறுக்கு போன்றவை பொதுவாகப் பிரச்சினையில்லை. சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பழம், கறிவேப்பிலை வேண்டாம். சைவச் சாப்பாடு வேண்டுமென்று முன்பதிவிலேயே சொல்லி வையுங்கள். கப்பலேறிய பிறகு சொன்னால் ஏற்பாடு செய்யத் தாமதமாகலாம்.

பைனாகுலர் அவசியமா? போன் கேமரா இருக்கிறதே.

அவசியம். ஜூனோ பக்கம் கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் ஏராளம், ஆனால் படகுகள் அவற்றை விட்டுத் தள்ளித்தான் நிற்க வேண்டும். போனில் பெரிதாக்கினால் கறுப்புப் புள்ளிதான் தெரியும். 8 மடங்கு போதும். அதற்கு மேல் போனால் படகு ஆட்டத்தில் படம் நிற்காது. முடிந்தால் ஆளுக்கு ஒன்று. திமிங்கிலம் வால் தூக்குவது சில நொடிகள். கைமாற்றிக் கொடுப்பதற்குள் மூழ்கிவிடும்.

நனைந்த துணியைக் கேபினில் எங்கே காயப்போடுவது?

பெரும்பாலான கேபின் சுவர்கள் இரும்புத் தகடுதான். காந்தக் கொக்கிகள் நாலைந்து கொண்டு போங்கள், பிரமாதமாக உதவும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் கண்பட்டியும் ஒன்று.

கைப்பையில் என்ன வைக்க வேண்டும்?

மருந்து, பாஸ்போர்ட், கண்ணாடி, பவர் பேங்க், ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு. முதல் நாள் கொடுத்த பெட்டி கேபினுக்கு வர மாலையாகிவிடலாம். கடைசி இரவும் இதே கதைதான்: பெட்டிகளைத் தூங்கும் முன் வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். மறுநாள் காலையில் போட வேண்டிய துணி, ஷூ, பல் துலக்கும் பிரஷ் மூன்றையும் தனியே எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.